தராசில் 27, புத்தகத்தில் 22

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

சட்டமன்றங்களில் பெண்களின் எண்ணிக்கை குறைவாக இருப்பது குறித்துத் தங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். இரு மாநில எல்லையில் வாழும் தோட்டப் பெண்களைப் பற்றி அதில் ஒரு வரியும் இல்லாததால் இந்தக் கடிதத்தை எழுதுகிறேன். நான் கேரளத்தின் இடுக்கி மாவட்டம், பீர்மேடு தாலுகாவில் ஒரு தேயிலைத் தோட்டத்தின் லயத்தில், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீட்டில், பிறந்தவள். இங்கேயே தமிழ்வழிப் பள்ளியில் முப்பத்தொரு ஆண்டுகள் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். வாக்குரிமை கிடைத்த நாள் முதல் இடதுசாரிகளுக்குத்தான் வாக்களித்து வருகிறேன். தேர்தல் நிதிக்கான ரசீதுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு லயம் லயமாக ஏறி இறங்கியிருக்கிறேன். சில வாரங்களுக்கு முன் என் பழைய மாணவி ஒருத்தி தொலைபேசியில் அழைத்து, "டீச்சர், நம்ம பொம்பளைகளுக்குன்னு பேசுற கட்சி எது? நீங்க சொல்லுங்க, அதுக்கே போடுறேன்" என்று கேட்டாள். இந்தக் கேள்வியை யார் கேட்டாலும் ஒரே மூச்சில் பதில் சொல்லி வந்தவள் நான். அன்று என்னால் சொல்ல முடியவில்லை. பிறகு அழைக்கிறேன் என்று கூறி வைத்துவிட்டேன், இன்னும் அழைக்கவில்லை.

நான் இடதுசாரி ஆனது புத்தகம் படித்து அல்ல. என் தாயார் தேவிகுளம் தாலுகாவிலிருந்து இங்கே வாழ்க்கைப்பட்டு வந்தவர். 1958-ஆம் ஆண்டு தேவிகுளம் இடைத்தேர்தலின்போது அவருக்குப் பதினாறு வயது. முந்தைய ஆண்டு அங்கே வெற்றி பெற்ற கம்யூனிஸ்ட் வேட்பாளர் ரோசம்மா புன்னூசின் தேர்தல் செல்லாது என்று தீர்ப்பானதால் வந்த இடைத்தேர்தல் அது. பண்ணைப்புரத்துப் பாவலர் வரதராசன் மலையேறி வந்து மறுபடியும் நின்ற அவருக்காகப் பாடியதை, அந்தக் குளிரில் போர்வைக்குள் உட்கார்ந்து கேட்டதாக என் தாயார் கடைசிக் காலம் வரை சொல்லிக்கொண்டிருந்தார். தமிழ்ப் பாட்டைக் கேட்டுத் தமிழ்த் தொழிலாளிகள் ஒரு மலையாளப் பெண்மணியை மறுபடியும் சட்டமன்றத்துக்கு அனுப்பினார்கள். எங்கள் வீட்டில் கட்சி என்ற சொல்லுக்கு இந்த நினைவுதான் பொருள். கூலிக்காரர்கள் மொழியையும் மாநிலத்தையும் தாண்டி ஒன்றுசேர முடியும் என்பதும், அந்தச் சேர்க்கைக்கு முன்னால் ஒரு பெண் நிற்க முடியும் என்பதும் எனக்குச் சிறு வயதிலேயே கிடைத்த பாடங்கள்.

அதன்பின் நான் கண்டவையும் அந்தப் பாடத்தை உறுதிப்படுத்தின. தருமபுரி மாவட்டம் வாச்சாத்தியில் 1992 ஜூன் மாதம் அரசு ஊழியர்களே பழங்குடிப் பெண்கள் 18 பேரை வன்புணர்வு செய்தபோது, மலைவாழ் மக்கள் சங்கமும் மார்க்சிஸ்ட் கட்சியும் விடாமல் வழக்கை நடத்தின. 2011-இல் குற்றம் சாட்டப்பட்ட 269 பேரும் குற்றவாளிகள் என்று தீர்ப்பானது; 2023-இல் சென்னை உயர் நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை உறுதி செய்தது. முப்பத்தொரு ஆண்டுகள் ஒரு மலைக் கிராமத்துப் பெண்களோடு நிற்க வேறு எந்தக் கட்சிக்கும் பொறுமை இருந்ததாக நான் அறியவில்லை. 2024-இல் திருநெல்வேலியில் சாதி மறுப்புத் திருமணம் ஒன்றை நடத்திவைத்ததற்காக மார்க்சிஸ்ட் கட்சி அலுவலகம் அடித்து நொறுக்கப்பட்டது. கண்ணாடிகள் உடைந்த அந்த அலுவலகத்தின் படத்தைச் செய்தித்தாளில் பார்த்தபோது, இது என் வீடு என்றுதான் எனக்குத் தோன்றியது. ஆகவே இந்தக் கடிதத்தைக் கட்சி மாறியவளின் கடிதமாக யாரும் படிக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

என்னைத் தொலைபேசியில் அழைத்த மாணவியின் கதையைச் சொன்னால்தான் என் வருத்தம் விளங்கும். அவள் எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டுக் கொழுந்து எடுக்கப் போனவள். மலை மேற்பார்வையாளர் ஒருவர் அவளிடம் தவறாக நடக்க முயன்றிருக்கிறார். அவள் இணங்கவில்லை. மறுநாளிலிருந்து அவளுடைய கொழுந்தின் எடை குறையத் தொடங்கியது. இடுப்பில் கட்டும் படங்குத் துணியை அவிழ்த்து, கொழுந்தைச் சாக்கில் கட்டித் தராசில் தொங்கவிடும்போது முள் ஓரிடத்தில் நிற்கும். அந்த ஆள் புத்தகத்தில் வேறோர் எண்ணை எழுதுவார். சாக்கின் எடை என்றும், இலை ஈரம் என்றும், முற்றிய இலை என்றும் காரணங்கள் சொல்வார். அவள் சண்டை போடவில்லை. தன் மகனின் பழைய கோடு போட்ட நோட்டின் பின்பக்கங்களில் இரண்டு பத்தி வரைந்து, ஒன்றில் தராசு காட்டியதையும் மற்றதில் புத்தகத்தில் எழுதியதையும் தேதிவாரியாகக் குறித்துக்கொண்டே வந்தாள். தராசில் 27, புத்தகத்தில் 22. தராசில் 24, புத்தகத்தில் 20. மழை நாள்களில் மட்டும் மை கலைந்திருக்கும். நான்கு மாதக் கணக்கு சேர்ந்ததும் அந்த நோட்டை என்னிடம் கொண்டுவந்து கொடுத்தாள். அவளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தவள் நான் என்பதால், அந்த எழுத்தைப் பார்த்ததும் எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

நான் அதை எடுத்துக்கொண்டு எங்கள் சங்கத்துக் கமிட்டிக்குப் போனேன். கமிட்டியில் இருந்தவர்களைக் கெட்டவர்கள் என்று சொல்ல மாட்டேன். அவர்களில் சிலர் தடியடி பட்டவர்கள், சிறைக்குப் போனவர்கள். ஆனால் அந்த மேற்பார்வையாளரும் நம் சங்கத்து உறுப்பினர் என்றார்கள். எதிர்ச் சங்கத்துக்காரர்கள் காதுக்குப் போனால் எதிரிக்கு ஆயுதம் கொடுத்ததாகிவிடும் என்றார்கள். தேர்தல் முடியட்டும் டீச்சர், பேசிச் சரிசெய்து கொள்ளலாம் என்றார்கள். தேர்தல் முடிந்தது. அந்தப் பெண்ணைச் செங்குத்தான சரிவில் இருந்த வேறு மலைக்கு மாற்றினார்கள். ஆறு மாதத்தில் அவள் வேலையை விட்டுவிட்டுக் கம்பத்தில் தாய் வீட்டுக்குப் போய்விட்டாள். இன்று அங்கிருந்து விடியற்காலையில் ஜீப்பில் நெருக்கியடித்துக்கொண்டு கம்பம்மெட்டு ஏறி வந்து ஏலத்தோட்டத்தில் வேலை செய்துவிட்டு இருட்டியபின் திரும்புகிறாள். வேலை கேரளத்தில், வாக்கு தமிழ்நாட்டில். எந்த மாநிலத்துச் சங்கமும் அந்த ஜீப்புக்குள் எட்டிப் பார்த்ததில்லை. பணியிடத்தில் பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் சட்டம் 2013-இலேயே வந்துவிட்டது. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் பெண் ஒருவரின் தலைமையில் உட்குழு அமைக்க வேண்டும் என்பது அதன் விதி. எங்கள் பகுதியில் கொழுந்து எடுக்கும் பெண்களிடம் அப்படியொரு குழுவைப் பற்றிக் கேட்டால் விழிக்கிறார்கள்.

இது ஒரு தோட்டத்தில் நடந்த தனிக் கதை என்று நானும் நெடுநாள் நினைத்திருந்தேன். 2015 செப்டம்பரில் மூணாற்றுப் பெண்கள் தெருவுக்கு வந்தபோதுதான் அது என் தவறு என்று புரிந்தது. 20 சதவீதப் போனசும் 500 ரூபாய் நாள்கூலியும் கேட்டு ஆயிரக்கணக்கான பெண்கள் கொச்சி - தனுஷ்கோடி நெடுஞ்சாலையில் உட்கார்ந்தார்கள். எல்லாக் கொடிகளையும் சேர்ந்த சங்கத் தலைவர்களை, எங்கள் அணித் தலைவர்கள் உட்பட, கிட்ட வரவிடாமல் திருப்பி அனுப்பினார்கள். அவர்கள் சேர்ந்து வைத்துக்கொண்ட பெயர் பெம்பிளை ஒருமை, அதாவது பெண்கள் ஒற்றுமை. நான் ஒரு நாள் பேருந்தேறிப் போய் அவர்களோடு அமர்ந்திருந்தேன். தேயிலைக் கறை ஏறிக் கருத்து வெடித்த விரல்களால் பொட்டலச் சோற்றைப் பிரித்து எனக்குப் பாதி கொடுத்த அம்மா, "சம்பளச் சீட்டுல மாசா மாசம் சங்கச் சந்தா பிடிக்கிறாங்க. அந்தச் சங்கத்துல என் பேரு தெரிஞ்ச ஆளு ஒருத்தரும் இல்ல" என்றார். எனக்கு அப்போது அந்த நோட்டு நினைவுக்கு வந்தது. சோறு தொண்டையில் இறங்கவில்லை.

ஒன்பது நாளில் போனஸ் கோரிக்கை வென்றது. 2025 ஜூலையில் மறைந்த முன்னாள் முதல்வர் தோழர் வி.எஸ். அச்சுதானந்தன் தொண்ணூற்றொரு வயதில் மலையேறி வந்து அந்தப் பெண்களுடன் உட்கார்ந்தார் என்பதை நன்றியுடன் இங்கே பதிவு செய்கிறேன். ஆனால் கூலி விஷயத்தைத் தோட்டத் தொழிலாளர் குழுவின் மேசையில் அமர்ந்து தீர்த்தவை பழைய சங்கங்களே. அக்டோபரில் கூலி 232 ரூபாயிலிருந்து 301 ரூபாயாக உயர்ந்தது. அதோடு ஒரு நாளைக்கு எடுக்க வேண்டிய கொழுந்தின் அளவும் 21 கிலோவிலிருந்து 25 கிலோவாக உயர்ந்தது. இந்த நான்கு கிலோவைச் சுமப்பவள் ஒருத்தியாவது அந்த மேசையில் அமர்ந்திருந்தால், அது அவ்வளவு எளிதாக முடிந்திருக்குமா என்று இன்றுவரை யோசிக்கிறேன்.

அந்தப் பெண்களைப் பற்றிப் பின்னால் சொல்லப்பட்டவை அதைவிட வலித்தன. யாரோ தூண்டிவிட்டார்கள், தமிழ்த் தீவிரவாதிகள் பின்னால் இருக்கிறார்கள் என்று பேசினார்கள். எங்கள் பெண்களுக்குச் சொந்தமாகக் கோபம் வராது என்று இவர்களுக்கு யார் சொன்னது? 2017 ஏப்ரலில் இடது அரசின் அமைச்சராக இருந்த எம்.எம். மணி அந்தப் போராட்டத்தைக் கொச்சைப்படுத்திப் பேசினார். பெண்கள் மறுபடியும் மூணாற்றுத் தெருவில் உட்கார்ந்தார்கள். கட்சி அவரைக் கண்டித்தது. அமைச்சர் பதவியில் அவர் தொடர்ந்தார். எங்கள் மாவட்டத்துக்காக உழைத்த மனிதர் அவர் என்பதை மறுக்கவில்லை. ஒரு பெண்ணின் மானம் கண்டனத் தீர்மானத்தோடு முடிந்துபோகிற விஷயமாக இருக்கிறதே என்பதுதான் என் வேதனை.

சபரிமலையைப் பற்றியும் சொல்ல வேண்டும். வண்டிப்பெரியாறு, சத்திரம், புல்மேடு வழியாகச் செல்லும் பாதையில் ஒவ்வொரு கார்த்திகையிலும் பக்தர்களைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். 2018 செப்டம்பர் 28 அன்று எல்லா வயதுப் பெண்களும் போகலாம் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்ததும் இடது அரசு அதை ஏற்றுக்கொண்டது. 2019 புத்தாண்டு நாளில் காசர்கோட்டிலிருந்து திருவனந்தபுரம் வரை 620 கிலோமீட்டருக்குப் பெண்கள் கைகோத்து நின்ற மதிலில் நானும் மலையிறங்கிப் போய் நின்றேன். என் வலப்பக்கம் நின்றவர் மீன் விற்கும் பெண். இடப்பக்கம் கல்லூரி மாணவி. என் வாழ்நாளில் அவ்வளவு நிமிர்ந்து நின்ற நாள் வேறில்லை. ஆனால் மக்களவைத் தேர்தல் தோல்வி வந்தது. அதே ஆண்டு நவம்பரில், மறுஆய்வு மனுக்கள் பெரிய அமர்வுக்கு அனுப்பப்பட்டதும், மலைக்கு வரும் பெண் செயற்பாட்டாளர்களுக்கு அரசு பாதுகாப்பு தராது, வேண்டுமானால் நீதிமன்ற உத்தரவோடு வரட்டும் என்று தேவஸ்வம் அமைச்சர் அறிவித்தார். மதிலாக நிற்கக் கூப்பிட்டவர்கள், திரும்பிப் போவதற்கு முன் எங்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

2025 பிப்ரவரி 10 முதல் திருவனந்தபுரத்தில் தலைமைச் செயலகத்தின் முன் ஆஷா எனப்படும் கிராமச் சுகாதாரப் பணியாளர்கள் உட்கார்ந்தார்கள். 7,000 ரூபாய் மதிப்பூதியத்தை 21,000 ஆக்கக் கேட்டார்கள். கோவிட் காலத்தில் எங்கள் லயங்களுக்குக் காய்ச்சல் பார்க்க நடந்தே வந்த பெண்கள் அவர்கள். ஐம்பதாம் நாளில் தங்கள் கூந்தலை வெட்டிப் போராடினார்கள். மத்திய அரசும் பங்கு தர வேண்டும் என்ற இடது அரசின் வாதத்தில் நியாயம் இருக்கிறது. அதை நானே பலரிடம் எடுத்துச் சொல்லியிருக்கிறேன். ஆனால் இடது தொழிற்சங்கத் தலைவர்கள் சிலர் அந்தப் பெண்களைப் பேசிய பேச்சு, முதலாளிகள் பேசுகிற பேச்சாக இருந்தது. இங்கேயும் அதே 'தூண்டிவிட்டவர்கள்' வந்துவிட்டார்கள்.

"அப்படியானால் வேறு இடத்துக்குப் போங்களேன்" என்கிறார்கள். எங்கே போவது? காங்கிரசில் மகளிர் அணியின் மாநிலத் தலைவியாக இருந்த லதிகா சுபாஷ், 2021-இல் பெண்களுக்கு உரிய இடங்கள் தரவில்லை என்று கட்சி அலுவலக வாசலிலேயே தலையை மொட்டையடித்துக்கொண்டார். பாஜகவோ, எங்கள் உழைப்பைப் பாதுகாத்த 1951-ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டத்தை 2025 நவம்பரில் புதிய தொகுப்புச் சட்டங்களுக்குள் கரைத்துவிட்டது. 2023-இல் நிறைவேற்றிய மகளிர் ஒதுக்கீட்டையும் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, தொகுதி மறுவரையறை என்று தள்ளி வைத்தது. அந்த ஒதுக்கீட்டுக்காக 1996-இல் நாடாளுமன்றக் கூட்டுக்குழுவுக்குத் தலைமை தாங்கிப் பாடுபட்டவர் கீதா முகர்ஜி என்ற கம்யூனிஸ்ட் பெண்மணி என்பது இன்று எத்தனை பேருக்கு நினைவிருக்கிறது? எல்லைக்கு அந்தப் பக்கமிருந்து தமிழ் அமைப்புகளும் வருகின்றன. தேவிகுளமும் பீர்மேடும் 1956-இல் கைவிட்டுப் போன கதையை உருக்கமாகப் பேசுகின்றன. போன நிலத்தின் மீது அவர்களுக்குள்ள துயரம் உண்மையானதே. அந்த நிலத்தில் குனிந்து நிற்கும் பெண்ணின் கூலியைப் பற்றி அவர்கள் கூட்டத்தில் நான் கேட்டதில்லை.

குமுளிக்கு மேலே மங்கலதேவி மலையில் கண்ணகி கோயில் இருக்கிறது. அரசனின் அவையில் நின்று நீதி கேட்டவள் மதுரையை விட்டுச் சேர நாட்டு மலைக்கு வந்தாள் என்பது எங்கள் ஊர்க் குழந்தைக்கும் தெரியும். அந்தக் கோயில் யாருடையது என்று இரு மாநிலங்களும் இழுபறியில் இருக்கின்றன. சித்ரா பௌர்ணமி அன்று மட்டும் இரு பக்கத்துக் காவலர்களும் நிற்க, நாங்கள் ஏறிப் போய்க் கும்பிட்டு வருகிறோம். மார்ச் 8-ஆம் தேதி மேடையில் பூச்செண்டு வாங்கிக்கொண்டு இறங்கும் ஒவ்வோர் ஆண்டும் எனக்கு அந்தக் கோயில்தான் நினைவுக்கு வருகிறது.

கட்டுரையாளர் எழுப்பிய எண்ணிக்கைப் பிரச்சினைக்கும் வருகிறேன். 1957-இல் கேரளத்தின் முதல் சட்டமன்றத்தில் தேர்ந்தெடுக்கப்பட்ட 126 பேரில் 6 பேர் பெண்கள். 2021-இல் 140 பேரில் 11 பேர். அந்தப் பதினொருவரில் பத்துப் பேர் இடதுசாரி அணியினர் என்பது உண்மை. அதே ஆண்டு மட்டன்னூரில் 60,963 வாக்கு வித்தியாசத்தில் வென்ற, அதுவரை சுகாதார அமைச்சராக இருந்த கே.கே. சைலஜாவுக்குப் புதிய அமைச்சரவையில் இடமில்லை என்பதும் உண்மை. உள்ளாட்சிகளில் பாதி இடம் பெண்களுக்கு என்று சட்டம் செய்ததும் கேரளத்து இடது அரசுதான். பஞ்சாயத்தை நடத்தத் தெரிந்த ஆயிரக்கணக்கான பெண்கள் இருக்கிறார்கள். சட்டம் கட்டாயப்படுத்தாத இடத்தில் அவர்களுக்கு நாற்காலி கிடைப்பதில்லை.

இன்னொன்றைச் சொல்லாமல் முடிக்க மனம் வரவில்லை. 2021 ஜூன் 30 அன்று வண்டிப்பெரியாற்றுத் தோட்ட லயம் ஒன்றில் ஆறு வயதுப் பெண் குழந்தை சீரழிக்கப்பட்டுக் கொல்லப்பட்டாள். பெற்றோர் வேலைக்குப் போயிருந்த நேரம். 2023 டிசம்பரில் கட்டப்பனை நீதிமன்றம் குற்றம் சாட்டப்பட்டவரை விடுதலை செய்தது. புலன்விசாரணையில் இருந்த குறைகளைத் தீர்ப்பே எடுத்துச் சொன்னது. அந்த நாள்களில் எங்கள் ஊருக்கு எத்தனையோ கொடிகள் வந்தன. எந்தக் கொடிக்கு இழுக்கு, எந்தக் கொடிக்கு இலாபம் என்றே பேச்சு போனது. தாய்மார்கள் மலையில் கொழுந்து எடுக்கும்போது லயத்தில் பிள்ளைகளை யார் பார்த்துக்கொள்கிறார்கள், ஐம்பது பெண்கள் வேலை செய்தால் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்று 1951-ஆம் ஆண்டுச் சட்டமே சொன்னதே, அது எங்கே என்ற கேள்வியை லயத்துப் பெண்கள் தங்களுக்குள் கேட்டுக்கொண்டார்கள். மேடையில் யாரும் கேட்கவில்லை.

நான் கேட்பவை பெரியவை அல்ல. சங்கக் கூட்டங்களை மாலை ஆறு மணிக்கு டவுனில் வைக்காதீர்கள். அது எங்கள் பெண்கள் தண்ணீர் பிடித்து அடுப்பு மூட்டும் நேரம். ஞாயிற்றுக்கிழமை பகலில் லயத்து முற்றத்தில் வையுங்கள், வருவார்கள். கூலிப் பேச்சுவார்த்தைக்குப் போகும் குழுவில் பாதிப் பேர் கொழுந்து எடுப்பவர்களாக இருக்கட்டும். மலையாளம் சரளமாக வராது என்றால் மொழிபெயர்க்க என்னைப் போல் பத்து ஆசிரியைகள் இருக்கிறோம். புகார் கூறும் பெண் எந்தச் சங்கம், புகாருக்கு ஆளானவர் எந்தச் சங்கம் என்று பார்ப்பதை விடுங்கள். எதிரிக்கு ஆயுதம் கொடுக்காதே என்று எங்களிடம் சொல்வதற்கு முன், அந்த ஆயுதத்தைச் செய்து வைத்தவர் யார் என்று பாருங்கள். தேனி, இடுக்கி மாவட்டங்களின் தோழர்கள் ஒருமுறை சேர்ந்து உட்கார்ந்து, அந்த ஜீப்புகளில் வரும் பெண்களுக்கு ஒரு சங்கத்தை உண்டாக்குங்கள். முல்லைப் பெரியாறு விஷயத்தில் ஒத்துப்போக முடியாவிட்டாலும் இதிலாவது முடியும்.

என் மாணவிக்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை. அவள் கொடுத்த நோட்டு என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. நான்கு மாதக் கணக்கும் அழியாமல் இருக்கிறது. சங்கத்திலிருந்து யாராவது வந்து கேட்டால் கொடுக்கத் தயாராக இருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழ்வழிப் பள்ளி ஆசிரியை,
பீர்மேடு தாலுகா, இடுக்கி மாவட்டம்.